இருபத்திரண்டு வருட அனுபவம்

அவர் கேள்வி கேட்கும்போது தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வார். தள்ளி நின்று பார்ப்பவர்களுக்கு, பதில் சரியா என்று சோதிப்பது போலத் தோன்றும். பதில் தெரியாமல்தான் கேட்கிறார் என்பது யாரிடம் கேட்டாரோ அவருக்கு மட்டும் தெரியும்.

மலேசியாவில், ஈப்போவிலிருந்து பத்து காஜா என்ற ஊருக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு கையுறைத் தொழிற்சாலையில் அவர் இருபத்திரண்டு வருடம் உற்பத்திப் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்தார். அதில் பதினேழு வருடம் நானும் அங்கே இருந்தேன். இப்போதும் இருக்கிறேன். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்ப்பது என் வேலை. பள்ளியில் படித்தது ஐந்தாம் படிவம் வரைக்கும். அதிகம் பேசிப் பழக்கமில்லை. தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்க்கப் பேச்சு தேவையில்லை என்பதால் இந்த வேலை எனக்குப் பொருந்திவிட்டது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவருடைய மனைவி நல்ல பெண்மணி. குனோங் ராபாட் சந்தையில் என்னைக் கண்டால் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு நின்று பேசுவார். அந்த அம்மாவுக்காகத்தான் இவர் பெயரை விட்டுவிடுகிறேன். ‘அவன்’ என்றே எழுதிவிடலாமா என்றும் யோசித்தேன். பதினேழு வருடப் பழக்கம், கை ‘அவர்’ என்றுதான் எழுதுகிறது. அதை யாரும் மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் தொழிற்சாலையில் இன்னும் பால்மரத்து ரப்பர்ப் பாலில்தான் கையுறை செய்கிறோம். பால் பீப்பாய்களில் வந்து இறங்கும். கலவை அறையில் மருந்து சேர்த்து, மெதுவாகக் கலக்கி, பெரிய தொட்டிகளில் ஆறப்போட வேண்டும். அது பக்குவப்பட்ட பிறகுதான் இயந்திரத்துக்கு அனுப்பலாம். அவசரப்பட்டு அனுப்பினால் கையுறையில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழும். கண்ணுக்குத் தெரியாது. என் தண்ணீருக்குத் தெரியும்.

பக்குவம் வந்துவிட்டதா என்று சொல்பவர் திரேசா அக்கா. சின்ன வயதில் தோட்டத்தில் தாயோடு பால் வெட்டியவர். தோட்டம் விற்றுப் போன பிறகு இங்கே வந்து சேர்ந்தார். தொட்டியில் ஒரு விரலை விட்டு எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மெல்லப் பிரிப்பார். இரண்டு விரல்களுக்கும் நடுவில் பால் நூல் போல இழுபடும். அந்த நூல் எங்கே அறுகிறது என்று பார்த்துச் சொல்வார். ஆய்வுக்கூடத்தில் அதற்கென்று கருவி இருக்கிறது. கருவி சரி என்று சொல்லி அக்கா வேண்டாம் என்று சொன்ன நாட்களில், கடைசியில் அக்கா சொன்னதுதான் நடந்தது.

நான் சொல்ல வந்தவர் அந்த இருபத்திரண்டு வருடத்தில் பாலை ஒரு நாளும் தொட்டதில்லை. வெள்ளை முழுக்கைச் சட்டை போடுவார். பால் பட்டால் கறை போகாது. அதனால் அறை வாசலிலேயே நின்றுகொள்வார்.

“அக்கா, இன்னைக்கு எப்படி?”

“இன்னும் பச்சையாத்தான் இருக்கு சார். நாளைக்கு ஓட்டலாம்.”

“அதத்தான் நானும் நெனச்சேன்.”

அரை மணி நேரம் கழித்து அலுவலகத்தில் அவர் குரல் கேட்கும். “பால் இன்னும் ரெடி இல்ல. நாளைக்கு ஓட்டுன்னு திரேசாகிட்ட சொல்லிட்டேன்.” வாசலில் நிற்கும்போது அக்கா, அலுவலகத்துக்குள் போனால் திரேசா. அந்த முப்பது அடி தூரத்தில் திரேசா அக்காவுக்கு வயது குறைந்துவிடும்.

‘அதத்தான் நானும் நெனச்சேன்’ எங்கள் கேன்டீனில் பழமொழி ஆகிவிட்டது. மழை வரும்போல இருக்கிறது என்று யாராவது சொன்னால், நாலு பேர் தலையைச் சாய்த்து அதைச் சொல்வார்கள். பாரந்தூக்கி வண்டி ஓட்டும் சேகர் அண்ணன் ஒரு நாள் அவரைச் சோதித்தே பார்த்துவிட்டார்.

“பாஸ், நீங்க கவனிச்சீங்களா? அமாவாசை அன்னைக்குப் பால் கொஞ்சம் கெட்டியா வருது லா.”

சேகர் அண்ணன் அந்த நிமிடத்தில் கட்டிய கதை அது. அவர் தலையைச் சாய்த்தார். “அதத்தான் நானும் ரொம்ப நாளா பாத்துக்கிட்டு இருக்கேன்.”

அடுத்த திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் ஓர் அட்டவணை தொங்கியது. அமாவாசை நாட்களுக்கெல்லாம் சிவப்பு வட்டம். சீன முதலாளி அதன் முன்னால் நின்று ரொம்ப நேரம் படித்துவிட்டு, பெரிய விஷயம்தான் என்பது போலத் தலையாட்டிக்கொண்டு போனார். அட்டவணை நாலு மாதம் அங்கேயே இருந்தது. அந்த நாலு மாதமும் சேகர் அண்ணன் அந்தப் பலகை இருந்த வாசல் வழியாக வரவே இல்லை. “சிரிச்சிருவேன், வேலை போயிரும்,” என்பார்.

அமாவாசை பொய். ஆனால் பாலுக்குக் காலம் உண்டு என்பது பொய்யில்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால்மரம் இலை உதிர்க்கும். அப்போது வரும் பால் வேறு மாதிரி இருக்கும். மற்ற மாதங்களில் ஒரு நாள் ஆறினால் போதும் என்கிற பாலை அக்கா அந்த மாதங்களில் மூன்று நாள், சில சமயம் நாலு நாள்கூடத் தொட்டியில் வைத்திருப்பார். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம் இது. ஒரு வருடம் முதலாளி வந்து, ஏன் தொட்டியெல்லாம் நிரம்பிக் கிடக்கிறது என்று சத்தம் போட்டார். மேற்பார்வையாளர் வாசலுக்கு வந்து அக்காவிடம் கேட்டுக்கொண்டு போய், ஆங்கிலத்தில் கால் மணி நேரம் விளக்கினார். அந்த வருட இறுதியில் ஈப்போவில் நடந்த விருந்தில் அவருக்கு ஒரு கேடயம் கிடைத்தது. மேடையில் ஏறி, எதையும் கூர்ந்து கவனித்தால் பால்கூட நம்மோடு பேசும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். திரேசா அக்காவும் தட்டினார்.

“நீங்க ஏன்க்கா தட்டுறீங்க?”

“எல்லாரும் தட்டும்போது நான் மட்டும் கோழியக் கடிச்சுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?”

அக்கா அப்படித்தான்.

பிறகு ஒரு நாள் அவர் என் மேசைக்கு வந்து, வேலையை விடப்போவதாகச் சொன்னார். கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆலோசனை நிறுவனத்தில் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

“அங்க படிச்ச பிள்ளைங்க நெறைய இருக்காங்க ராணி. கணக்குல புலி. ஆனா ஃபேக்டரிக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. அதான் என்ன மாதிரி ஃபீல்டுல இருந்த ஆளத் தேடுறாங்க. அடியில இருந்து ஏற வேண்டியதில்ல. நேரா மேல் படியில உக்கார வெக்கிறாங்க.”

“அங்க வேலை என்ன சார்?”

“சொல்றதுதான்.”

“என்னத்த சொல்றது?”

“தெரிஞ்சதச் சொல்றது. இருபத்திரண்டு வருஷ அனுபவம் இருக்குல்ல?”

அந்த நேரம் பார்த்து நான் பிடித்திருந்த கையுறையின் சுண்டுவிரலிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது. அந்த ஓட்டைக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

போவதற்கு முன் எல்லோருக்கும் புது நிறுவனத்தின் பெயரட்டை கொடுத்தார். பெயருக்குக் கீழே ரப்பர் துறை நிபுணர் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. சேகர் அண்ணன் அதன் முனையை மடித்துப் பல் குத்தினார். “நல்ல தடிப்பு லா,” என்றார்.

இரண்டு வருடம் அவரைப் பற்றிப் பேச்சில்லை. தொற்று நோய்க் காலத்தில் ஏறிய கையுறை விலை சரிந்தது. பழைய முதலாளி பங்கை விற்றுவிட்டுப் போனார். பினாங்கிலிருந்து ஒரு புது மேலாளர் வந்தார், அவரும் சீனர். செலவைக் குறைக்க வழி சொல்ல ஆலோசகர்களை அழைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஒரு காலையில் வாசலில் கறுப்புக் கார் நின்றது. கோட்டுப் போட்டுக்கொண்டு அவர் இறங்கினார். கூட இரண்டு பேர் கணினியோடு.

மூன்று நாள் அவர் கலவை அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அக்கா என்ன செய்கிறார், எதற்காகச் செய்கிறார், எத்தனை நேரம் ஆகிறது, எல்லாவற்றையும் கேட்டார். அக்கா சொன்னார். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, கூட வந்த இரண்டு பேர் கணினியில் தட்டினார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் அக்காவைத் தனியாக அழைத்துச் சொன்னேன்.

“எல்லாத்தையும் சொல்லிராதீங்கக்கா. எழுதி முடிச்சுட்டா அப்புறம் நீங்க எதுக்குன்னு கேப்பாங்க.”

“கேட்டா சொல்லாம எப்படி? தப்பாப் போச்சுன்னா அந்தக் கையுறைய எங்கயோ ஒரு நர்ஸ் போட்டுக்குவா. அவ கைதான் நனையும்.”

சாப்பிட்டு முடித்ததும் போய் மிச்சத்தையும் சொன்னார்.

அறிக்கை வந்தது. கலவை அறையில் நாலு பேர் தேவையில்லை, இரண்டு பேர் போதும். பால் வருடம் முழுவதும் ஒரு நாள்தான் தொட்டியில் இருக்க வேண்டும், அதற்கு மேல் வைப்பது வீண். விரலால் பார்ப்பது ஆளை நம்பிய முறை, நிறுத்தப்பட வேண்டும். ஒரு நாள் போதும் என்பது அக்கா வாயிலிருந்து வந்ததுதான். இலை உதிராத மாதங்களுக்கு அக்கா சொன்னது. மறுபாதியை அறிக்கை எழுதியவர் விட்டுவிட்டார். அவருக்குத் தெரியாது என்று என்னால் சொல்ல முடியாது. அதைச் சொல்லித்தான் கேடயம் வாங்கினார். மூன்று நாள், நாலு நாள் என்று எழுதினால் மிச்சம் காட்ட முடியாது, அவ்வளவுதான்.

திரேசா அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. பத்தொன்பது வருடம் வேலை செய்திருந்தார். கணவர் பக்கவாதத்தில் விழுந்து ஆறு வருடம் ஆகிறது. அக்காவின் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் கிடைத்த அன்று அக்கா கார் நிறுத்தும் இடத்தில் அவருக்காகக் காத்திருந்தார். துணைக்கு நானும் நின்றேன்.

“சார், அறுபது வயசு வரைக்கும் எனக்கு வேலை குடுக்கச் சொல்லுங்க சார். வேற எங்க போவேன் நான்?”

“எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு அக்கா. ஆனா நான் ஆலோசனை மட்டும்தான். முடிவு அவங்களோடது.”

கண்ணாடி ஏறியது. கார் போனது. நான் பக்கத்தில் நின்றேன் என்பதைத் தவிர அன்று நான் செய்தது ஒன்றுமில்லை.

பிப்ரவரி வந்தது. சாலையோரம் மிச்சமிருந்த பால்மரங்கள் மொட்டையாக நின்றன. கலவை அறையில் இருந்த இரண்டு பேர் தாளைப் பார்த்து ஒரே நாளில் பாலை அனுப்பினார்கள். என் மேசையில் தட்டுக்கு ஒன்றிரண்டு ஒழுகியது. அடுத்த வாரம் பாதித் தட்டு ஒழுகியது. தேறாத கையுறைக்கான சிவப்புத் தாளை நான் எழுதி எழுதி அனுப்பினேன். பெட்டிகள் கிடங்கில் நின்றன, கப்பலுக்குப் போகவில்லை. மேலாளர் கோலாலம்பூருக்குத் தொலைபேசி போட்டார்.

அவர் வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். தலை சாய்ந்தது.

“ராணி, இந்த மாசத்துல திரேசா என்ன செய்யும்?”

நீங்கள்தானே கேடயம் வாங்கினீர்கள் என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. வந்தது பதில்தான்.

“மூணு நாள், சில சமயம் நாலு நாள் வெப்பாங்க. விரல விட்டுப் பாத்துத்தான் சொல்லுவாங்க.”

“அதத்தான் நானும் நெனச்சேன்.”

அன்று மதியமே கூட்டம். ஒழுகிய கையுறைகளைக் காட்ட என்னையும் கூப்பிட்டார்கள். இத்தனை வருடத்தில் அந்தக் கூட்ட அறைக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. குளிர் தாங்கவில்லை. அவர் எழுந்து நின்று, பருவ மாற்றம் என்றார், பாலின் தன்மை என்றார், மூன்றிலிருந்து நாலு நாள் என்றார். இதைத் தாம் ஆராய்ந்து கண்டுபிடித்ததாகச் சொன்னார்.

“மூன்றா, நாலா? அன்றைக்கு எது என்று எப்படித் தெரியும்?” என்று மேலாளர் மலாயில் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். பதில் சொல் என்கிற பார்வை. அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான். ஆனால் அன்று அதைப் பார்த்ததும் கார் கண்ணாடி ஏறியது ஞாபகம் வந்தது.

“திரேசாவுக்குத் தெரியும்,” என்றேன்.

“சியாப்பா திரேசா?” என்றார் மேலாளர். யார் திரேசா என்று.

“முன்னால இங்க இருந்த ஒரு தொழிலாளி,” என்று அவர் முந்திக்கொண்டார்.

“இவர் அறிக்கை எழுதி வேலைய விட்டு நிறுத்தினவங்க,” என்றேன் நான். என் குரல் மேசை விளிம்பைத் தாண்டியிருக்காது என்றுதான் நினைத்தேன். மேலாளர் அறிக்கையை இழுத்துப் பக்கம் புரட்ட ஆரம்பித்ததும்தான் தாண்டிவிட்டது என்று தெரிந்தது.

அவர் வெட்கப்படுவார் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். வந்தது இன்னொரு அறிக்கை. வழவழப்பான தாள், வண்ணப் படங்கள். கலவை அறைக்குத் துறை அனுபவமுள்ள நிபுணர் ஒருவரை வெளியிலிருந்து உடனே நியமிக்க வேண்டும் என்று அதில் பரிந்துரை. அதற்காக அவருடைய ஆலோசனைக் காலமும் நீட்டிக்கப்பட்டது. வெளியே அனுப்பியதற்கு ஓர் அறிக்கை, வெளியிலிருந்து எடுப்பதற்கு ஓர் அறிக்கை. அக்காவின் தொலைபேசி எண்ணை மட்டும் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அக்கா வந்தார். ஆறு மாத ஒப்பந்தம். பழைய பத்தொன்பது வருடம் கணக்கில் வராதாம். எங்கள் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மஞ்சள் தொப்பி போட வேண்டும், யாராவது பார்த்து வழிகாட்டுவதற்காக. அக்கா தலையிலும் மஞ்சள் தொப்பி.

“என்னக்கா, புதுப் பொண்ணா?” என்றார் சேகர் அண்ணன்.

“ஆமாண்டா. இப்பத்தான் ஸ்கூல் முடிச்சேன். எங்க டாய்லெட்னு காட்டு.”

எல்லோரும் சிரித்தோம். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே அக்கா என்னிடம் மட்டும் சொன்னார். “ஆறு மாசம் முடிஞ்சு நீட்டிக்கணும்னா அவரு நல்லதா நாலு வரி எழுதிக் குடுக்கணுமாம் ராணி. மேனேஜர் சொன்னாரு.”

ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள், பால் மாதிரி எடுக்க நான் புட்டியோடு கலவை அறையில் நின்றிருந்தேன். அவர் ஐந்தாறு பேரை அழைத்துக்கொண்டு வந்தார். தாப்பா பக்கம் புதிதாகத் தொழிற்சாலை தொடங்கப் போகிறவர்கள், அடுத்து அவரை அமர்த்தப் போகிறவர்கள். முதல் முறையாக அவர் வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். அத்தனை பேருக்கு முன்னால் வாசலில் நிற்க முடியாது போலும்.

“இந்தத் தொட்டி முறை முழுக்க நாங்க அமைச்சது,” என்றார். பிறகு மஞ்சள் தொப்பியைக் காட்டினார். “இவங்க புதுசு. நாங்கதான் தேடிப் பிடிச்சோம். நல்லாப் பழக்கி வெச்சிருக்கேன்.”

அக்கா துணியில் கையைத் துடைத்தார். குரலை உயர்த்தவில்லை.

“சார், நல்ல வேளை வந்தீங்க. இன்னைக்குப் பால் ஓட்டலாமா வேண்டாமான்னு எனக்குக் கொஞ்சம் சந்தேகமா இருக்கு. நீங்களே தொட்டுப் பாத்துச் சொல்லுங்களேன்.”

அவர் சிரித்தார். வந்தவர்களில் வயதான ஒருவர், பார்க்கலாமே, அதற்குத்தானே வந்தோம் என்றார். மற்றவர்கள் நெருங்கி வந்தார்கள். அவர் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். விரலைத் தொட்டிக்குள் விட்டு எடுத்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். எல்லோரும் அந்த விரலையே பார்த்தோம். பால் விரலிலிருந்து உள்ளங்கைக்கும், உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுக்கும் இறங்கி, வெள்ளைச் சட்டையின் கைக்குள் போனது.

“என்னக்கா, எப்படி இருக்கு?” என்றார் தாழ்ந்த குரலில்.

தொட்டியில் கலக்கும் துடுப்பு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ இருமினார்கள். அக்கா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அக்கா?” என்றார் மறுபடியும்.

திரேசா அக்கா பதில் சொல்லவில்லை.